ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசிக் கட்டம்

உலகத்திலுள்ள ரவுடிக் கூட்டங்களைப் பற்றி வருடக்கணக்கில் படித்தவன் நான். சிசிலித் தீவில் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது, ஜப்பானில் தப்புச் செய்தவன் எந்த விரலை வெட்டித் தலைவனிடம் நீட்ட வேண்டும், மெக்சிகோ எல்லையில் தோண்டும் சுரங்கம் யார் வீட்டுச் சமையலறையில் போய் முடியும், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சரி, இவர்களில் ஒருத்தனையாவது நேரில் பார்த்திருக்கிறாயா என்றால், அதுதான் இல்லை. கடலூர் முதுநகரில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, இரண்டு ஊருக்கும் நடுவே ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டே வாலிபத்தைத் தொலைத்தவன் மாஃபியாவை எங்கே போய்ப் பார்ப்பது?

இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2004-இல் எம்.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தேன். அந்த வருடம் டிசம்பரில்தான் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. கல்யாண மண்டபங்களிலெல்லாம் சனம் தங்கியிருந்தது. ஒரு மண்டபத்து வாசலில் யாரோ ஒரு ஆள் பிள்ளைகளிடம் பெயர் கேட்டுக்கொண்டு திரிகிறான் என்று பிடித்து, தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். பிள்ளை பிடிக்கிற சர்வதேசக் கும்பல் கடலூரில் இறங்கிவிட்டது என்று ஒரே பேச்சு. மறுநாள் பார்த்தால் அந்த ஆள் ஒரு வாத்தியார். தன் வகுப்புப் பிள்ளைகளில் யார் யார் மிச்சம் என்று தேடி வந்தவர். அடித்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த 'சர்வதேசக் கும்பல்' என்ற பேச்சு மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. வாத்தியார் வாங்கிய அடி அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்? அது உட்காரவில்லை.

பிஎச்.டி.க்குப் பதிவு செய்தபோது தலைப்பு தானாக வந்தது: உலகளாவிய குற்றக் குழுக்களும் தேசப் பாதுகாப்புக்கு அவற்றால் வரும் அச்சுறுத்தலும். வீட்டில் சொன்னதும் அம்மா, "இதுக்குப் பேசாம போலீசுல சேந்துருக்கலாமேடா" என்றாள். அக்கா வீட்டுக்காரர் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னைக் கலாய்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"என்னா மச்சான், மாஃபியாக்காரங்கள்லாம் சௌக்கியமா? ஜாஸ்தி கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணாத. பாவம், அவுங்களுக்கும் வேல வெட்டி இருக்கும்ல."

"மாமா, இது ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிதான். ஏட்டுச் சுரைக்காய வச்சுக் கூட்டு வைக்கப் போற. வை, வை. நான் அப்பளம் பொரிச்சுக்கறேன்."

எனக்குக் கோபம் வரும். அவர் சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

என் கைடு நல்ல மனிதர். கத்த மாட்டார், வீட்டு வேலை வாங்க மாட்டார், மாணவர்களிடம் அவர் வேண்டியதெல்லாம் ஒழுங்கு. எந்தக் குற்றக் குழுவை எடுத்தாலும் நாலு கேள்விக்குள் அதை அடைத்துவிட வேண்டும். தலை யார், தொழில் என்ன, ஆயுதம் என்ன, யாருக்கு ஆபத்து. அத்தியாயத்தின் கடைசியில் ஒரு படம் இருக்க வேண்டும். மேலே ஒரு கட்டம், அதில் தலைவன். அங்கிருந்து அம்புக்குறி இறங்கி அடுத்த கட்டம், அடுத்த கட்டம் என்று கீழே வரும். நாலாவது கேள்விக்கு மட்டும் எல்லா அத்தியாயத்திலும் ஒரே பதில். ஆபத்து யாருக்கு? அரசுக்கு. இத்தாலியானாலும் சரி, கொலம்பியாவானாலும் சரி, அரசுக்கு. நான்கு அத்தியாயம் இப்படி எழுதினேன். கை பழகிவிட்டது.

இந்த அத்தியாயங்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் ஒரு பெண். சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஜெராக்ஸ் மெஷின் ஒன்றும் கம்ப்யூட்டர் இரண்டும் இருந்த கடையில் வேலை செய்தாள். பக்கத்து டவுனை ஒட்டிய இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஐந்து வயதில் படகில் வந்து இறங்கியவள். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர் எல்லாம் இங்கேதான். கடையில் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சே பேசுவாள். கோபம் வந்தாலோ பயம் வந்தாலோ மட்டும் அவள் அம்மாவின் பேச்சு வெளியே வந்துவிடும். கணவனும் அதே முகாம்தான், பெயிண்டர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பால்வாடி லீவு விட்டால் அது கடைக்கு வந்து, வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள் அல்ல. படித்துக்கொண்டே அடிப்பாள். நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பாள்.

"அண்ணா, இந்த ஜப்பான்காரன் விரல் இல்லாம எப்படிண்ணா சாப்புடுவான்?"

"சுண்டு விரல்தாம்மா."

"அப்பப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு மேலே அடிப்பாள்.

படங்களைப் போடும்போதுதான் அவளுக்குப் பொறுமை போகும். ஒரு கட்டத்தைத் தொட்டால் எல்லா அம்புக்குறியும் வேறெங்கோ ஓடும். "சனியன் புடிச்ச அம்பு, நிக்குதா பாருங்கண்ணா. உங்க ரவுடிங்ககூட அடங்கிருவானுங்க, இது அடங்க மாட்டேங்குது" என்பாள். நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த அம்பை இப்படி நகர்த்து, அந்தக் கட்டத்தை அப்படித் தள்ளு என்று மேஸ்திரி வேலை பார்ப்பேன். அந்த மதியங்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன.

நாலு அத்தியாயம் முடிந்ததும் கைடு கூப்பிட்டார். "ஏம்ப்பா, உலகம் பூரா சுத்திட்டு வந்துட்ட, நம்ம கரைக்கு வரலியே? பழைய மீன்புடி போட்ட வெலைக்கு வாங்கி, முகாம் ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போறான்னு பேப்பர்ல வருதே, அது என்னா சும்மாவா? அத அஞ்சாவது அத்தியாயமாப் போடு. தீசிஸ் நிக்கும்."

போட்டேன். முகாம்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தன. துறைமுகம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் எங்கும் போகவில்லை. எனக்கு அப்படித்தான் பழக்கம். நாலு அத்தியாயமும் நூலகத்தில் உட்கார்ந்தே எழுதியது, ஐந்தாவதுக்கு மட்டும் எழுந்து நடக்க வேண்டுமென்று தோன்றவில்லை. வெளிநாட்டு அறிக்கைகள், பத்திரிகைச் செய்திகள், அவ்வளவுதான். நடுக்கடலில் எஞ்சின் நின்ற படகுகள், கவிழ்ந்த படகுகள், குடிதண்ணீர் தீர்ந்து போனவை, பாதி வழியில் ஆட்களை இறக்கிவிட்டு ஓடிய ஏஜெண்டுகள். எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு இருந்தது.

ஏஜெண்ட் என்றால் எப்படி இருப்பான் என்று எனக்குள் ஒரு உருவம் இருந்தது. அந்த நாட்களில் ஒரு மதியம் கடைக்கு ஒரு பெரியவர் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ரப்பர் செருப்பு, வெளுத்த சட்டை, கையில் குழந்தைக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். "எங்க முகாம் மாமா" என்றாள் அந்தப் பெண். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"தம்பி என்னா படிக்குது?"

"பாதுகாப்பு பத்திங்க."

"நல்ல படிப்பு. இந்தக் காலத்துல பாதுகாப்புதானே முக்கியம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். என்ன மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் அத்தியாயத்தின் படத்தை அவள் போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெயில் கொளுத்திய மதியம். மேல் கட்டத்தில் 'வெளிநாட்டு ஏற்பாட்டாளர்', அதற்குக் கீழே 'படகு வாங்குபவர்', 'உள்ளூர் ஆள்சேர்ப்பாளர்', கடைசியாக, அடியில் ஒரு சின்னக் கட்டம். அம்புக்குறியை இழுத்து அந்தக் கடைசிக் கட்டத்தில் கொண்டுவந்து விட்டாள். கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கடைசிக் கட்டத்துல யாருண்ணா?"

"அதாம்மா, படகுல போறவங்க."

"அப்ப நாங்களும் இந்தக் கூட்டத்துல சேத்தியா?"

சிரித்துக்கொண்டே கேட்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கும் கணவனுக்கும் குழந்தைக்கும் ஆஸ்திரேலியா போகிற ஒரு படகில் இடம் சொல்லியாகிவிட்டது. ஏற்பாடு செய்வது அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்த அந்த மாமாதான். முகாமில் மாதம் இரண்டு முறை அதிகாரி வந்து தலை எண்ணுவார், அதற்குச் செக்கிங் என்று பெயர். செக்கிங் முடிந்த அன்றே கிளம்பினால் அடுத்த செக்கிங் வரை யாரும் தேட மாட்டார்கள். அதற்குள் படகு வெகுதூரம் போய்விடும். வீட்டுச் சாமானில் பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் படத்தில் இருந்த 'உள்ளூர் ஆள்சேர்ப்பாளர்' என்னோடு டீ குடித்திருக்கிறார். அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. அவள் நாலாவது அத்தியாயத்தை மடித்து விசிறிக்கொண்டே கேட்டாள்.

"இந்த அஞ்சாவதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மையாண்ணா?"

"எல்லாம் உண்மைம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? ஒரு வகுப்பே எடுத்தேன். மரப் படகு எத்தனை பேரைத் தாங்கும், எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், எஞ்சின் நின்றால் என்ன ஆகும், குழந்தைகளுக்கு முதலில் என்ன ஆகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. அவள் பேச்சும் மாறிவிட்டது.

"அப்ப போக வேண்டாமெண்டு சொல்லுறீங்களோ அண்ணா? உண்மையச் சொல்லுங்கோ."

"பிள்ளைய வச்சுக்கிட்டு வேண்டாம்மா. நான் உன் கூடப் பொறந்தவனா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

விசிறிக்கொண்டிருந்த தாள்களை மேஜையில் வைத்தாள். "நீங்க இவ்வளவு படிச்சிருக்கீங்க. சும்மா சொல்ல மாட்டீங்க" என்றாள். கரண்ட் வந்தது. மிச்சப் பக்கங்களை அடித்துக் கொடுத்தாள். அன்று பஸ்ஸில் கடலூருக்குத் திரும்பும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். என் படிப்பு மூன்று உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குப் போய் நெல்லிக்குப்பம் மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரும் முதல் முறையாகக் கிண்டல் செய்யாமல், "நல்ல காரியம் பண்ண மச்சான்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவன் என்னைத் தேடி வந்தான். சிதம்பரத்தில் கஞ்சித்தொட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கை முழுக்க டிஸ்டெம்பர் பொட்டுகள். வேலையைப் பாதியில் விட்டு வந்திருப்பான் போல. டீக்கடை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சினான்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா. போலாம்னு சொல்லுங்கண்ணே."

"எப்படிப்பா சொல்றது? தெரிஞ்சுகிட்டே கொண்டுபோய்க் கடல்ல தள்ளச் சொல்றியா?"

"நான் இந்த முகாமுக்கு வந்தப்ப எனக்கு வயசு நாலு. இப்ப எம் பொண்ணு அதே ரூம்ல கெடக்குது. இங்க அதுக்கு ஒரு வேல குடுப்பாங்களா? சொந்தமா ஒரு வண்டி வாங்க முடியுமா? சொல்லுங்கண்ணே."

"உயிரோட இருக்கறது முக்கியம்ப்பா."

"உயிரோடதான் இருக்கோம். இருவது வருசமா அத மட்டுந்தாண்ணே செஞ்சிக்கிட்டு இருக்கோம்."

அதற்கு என்னிடம் அடிக்குறிப்பு இல்லை. அவன் டீயைக்கூடக் குடிக்கவில்லை. "சரிண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கடைசியில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு ஏற்பாடு. அவன் மட்டும் போவது. போய்ச் சேர்ந்து, காகிதம் கிடைத்ததும் அவளையும் குழந்தையையும் முறையாக விமானத்தில் கூப்பிட்டுக்கொள்வது. "ரெண்டு வருசம் ஆவும், ஆவட்டும்ண்ணா. பாப்பா பத்தரமா வரும்ல" என்றாள். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நான்கூடத் தலையாட்டினேன். அடுத்த செக்கிங் முடிந்ததும் அவன் போய்விட்டான். அதற்கடுத்த செக்கிங்கில் அதிகாரி கேட்டபோது வெளியூரில் பெயிண்டிங் காண்ட்ராக்ட் என்று சொல்லி வைத்தாள். அவர் நம்பவில்லை. முகாம் பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு மாதம் நான் பேப்பர் படித்த மாதிரி வாழ்க்கையில் என்றும் படித்ததில்லை. முன்பெல்லாம் படகு கவிழ்ந்த செய்தி வந்தால், இருப்பதைச் சொல்லுகிறேன், எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்க்கும். அத்தியாயத்துக்கு ஆயிற்று என்று. சே, என்ன ஜென்மம்! இப்போது அதே செய்தி வந்துவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவள் கடைக்கு ஒழுங்காக வந்தாள். யாருடைய பயோடேட்டாவையோ, யாருடைய மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையையோ அடித்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் கேட்க மாட்டேன், அவளும் எதையும் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் சந்துக்குள் நுழையும்போதே ஓடி வந்தாள். "எறங்கிட்டாராம்ண்ணா! அவர் எறங்கிட்டாராம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைக்காரர் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பாதி பன்னைத் தின்றிருப்பேன், அவள் சொல்லிக்கொண்டே போனாள்: ஏறின அத்தனை பேரும் பத்திரமாக இறங்கிவிட்டார்களாம். அவள் வரிசையிலேயே மூன்றாவது வீட்டுக் குடும்பம், கைக்குழந்தையோடு போனவர்கள், அவர்களும் இறங்கிவிட்டார்களாம். சொல்லும்போது அவள் குரல் லேசாகத் தடுக்கியது. என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல. நான்தான் மிச்சப் பன்னை மேஜையில் வைத்துவிட்டேன்.

பல மாதம் கழித்து, நான் கடையில் இருந்தபோது அவன் போன் வந்தது. அவள் பேசி முடித்துவிட்டு, "அண்ணா இருக்காங்க, பேசுங்க" என்று என்னிடம் நீட்டினாள். என்ன பேசுவது? எப்படி இருக்கே என்றேன். முதலில் அடைத்து வைத்திருந்ததாகவும், இப்போது வெளியே விட்டுவிட்டதாகவும், ஒரு வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகவும் சொன்னான். "மொதல்ல வச்சிருந்ததும் முகாம்தாண்ணே. ஆனா அந்த முகாமுக்கு ஒரு முடிவு இருந்துச்சு" என்றான்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "பயணம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாப்பா?" என்றேன். ஆமாம் என்று சொல்லடா, செத்துப் பிழைத்தோம் என்று சொல்லடா, குழந்தை வந்திருந்தால் தாங்கியிருக்காது என்று சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மொத நாலு நாள் வாந்திண்ணே. அப்புறம் ஒண்ணுமில்ல. சோறுகூட ஒழுங்காப் போட்டாங்க. அந்த மாமா சொன்ன சொல்லு தப்பல. ஒரு நாள் போட்டு கூடவே டால்பின் வந்துச்சுண்ணே, கூட்டங்கூட்டமா. பாப்பா பாத்திருந்தா விட்டிருக்காது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து சந்தில் நின்றேன். எங்கள் கைடு சொல்லிக் கொடுத்த நாலு கேள்வியில் ஒன்றுகூட அந்த டால்பின் பக்கம் போகவில்லை.

அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டத்தான் செய்தார். "லூசாய்யா நீ? கவுந்துருந்தா? அன்னிக்கு நீ போவச் சொல்லி, போட்டு கவுந்துருந்தா இன்னிக்கு எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு நிப்ப? நீ சொன்னது சரிதான் மச்சான்."

"சரிதான் மாமா. ஆனா கவுழலியே."

அவர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. முந்திரித் தோப்பும் பலா மரமும் படுத்துக் கிடந்த பாதையில் பஸ்ஸே பல நாள் ஓடவில்லை. சிதம்பரத்தில் கரண்ட் வந்ததும் தீசிஸின் கடைசித் திருத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் இருந்தாள். முகாமில் அவள் வீட்டுக் கூரை முழுதாகப் பறந்துவிட்டதாம். குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பாயைப் போட்டு, அவள் அதன்மேல் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறாள். "பெரிய ஆம்பள யாராவது இருந்தா கூரையவாவது புடிச்சிருக்கலாம்ண்ணா" என்றாள், அடித்துக்கொண்டே. பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே கரையில் நிறுத்தினேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கேட்டதோ, "அடிக்குறிப்பெல்லாம் பத்து சைஸ்தானே?" என்று.

அடுத்த வருடம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மற்ற நாலு அத்தியாயத்தையும் சும்மா புரட்டினார். ஐந்தாவதைத்தான் பாராட்டினார். "களத்துக்கு ரொம்ப நெருக்கமா இருக்கு" என்றார். என் கைடுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கடைசியாக, "இந்தக் குழுவால யாருக்கு ஆபத்துன்னு சுருக்கமாச் சொல்லுங்க" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். அந்த டிஸ்டெம்பர் கை, கடலைமிட்டாய்ப் பொட்டலம், டால்பின் எல்லாம் தொண்டை வரை வந்தன. பின்வரிசையில் அம்மாவும் அக்காவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அரசுக்கு" என்றேன். கை தட்டினார்கள்.

மறுநாள் ஒரு கிலோ ஸ்வீட்டும், பைண்ட் செய்து தங்க எழுத்து பொறித்த தீசிஸ் ஒன்றும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நன்றியுரையில் அவளையும் சேர்த்திருந்தேன். அவள் ஆசையாகத் தடவிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் லீவு, குழந்தையும் இருந்தது. நன்றாக வளர்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு.

ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணா, இன்னொரு போட்டு போவுதாம். இந்தத் தடவ நானும் பாப்பாவும் போயிடலாமா? அவர் வேண்டாங்கறாரு. நீங்க சொல்லுங்க."

கடவுளே, ஏன் என்னைக் கேட்கிறாள்? ஆனால் பதில் எனக்குத் தெரியும். படிப்பதை நான் விடவில்லையே. படகில் வருகிறவர்களை இனி ஆஸ்திரேலியாவுக்குள் விடுவதில்லை, வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய் அடைக்கிறார்கள் என்று அந்தச் சமயத்தில்தான் சட்டம் மாறியிருந்தது. முன்னே படகில் போனவர்களும் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்வது லேசில் நடக்காது. அவள் கணவன் அவளுக்கு எவ்வளவு சொல்லியிருந்தான், எவ்வளவு மறைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது.

"வேண்டாம்மா" என்றேன். காரணத்தையும் சொன்னேன். இந்தத் தடவை வகுப்பு எடுக்கவில்லை. நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அது உண்மை. இரண்டு முறையும் நான் சொன்னது சரிதான். முதல் முறை சொன்ன சரியால்தான் இரண்டாம் முறை கேட்கும்படி ஆனது. அந்தப் படகில் அன்றைக்கு ஏறியிருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியே இல்லை. இதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது?

பேச்சை மாற்றுவதற்காக அவள் தீசிஸைப் புரட்டினாள். ஐந்தாம் அத்தியாயத்தின் படம் வந்தது. "பாருங்கண்ணா, ஒரு அம்புகூட நகரல" என்று சிரித்தாள். குழந்தை மடியில் ஏறி, கட்டம் கட்டமாக விரலை வைத்துக்கொண்டு வந்து கடைசிக் கட்டத்தில் நிறுத்தியது.

"இது என்னாம்மா?"

"அதுவா? அது நாமதான்டா செல்லம்."

"அப்பா?"

"அப்பா அதுலேருந்து எறங்கிட்டாரு."

"அப்ப நாம எப்ப எறங்குவோம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.